பரண் கட்ட மரமில்லாத ஊரில்: நான் பயன்படுத்திப் பார்த்த மான் வேட்டை மறைப்புகள்

தம்பி சென்ற மாதம் ஆல்பர்ட்டாவில் மெடிசின் ஹேட்டுக்கு வேலை மாறி வந்தான். மூன்றாம் வாரமே போன். "அக்கா, வேட்டை வகுப்புல சேர்ந்துட்டேன். மறைஞ்சு உட்கார ஒரு கூடாரம் வாங்கணும். கடையில போய் நின்னா தலை சுத்துது. எதை வாங்கட்டும்?" போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அவனுக்காக எழுத ஆரம்பித்தேன். புல்வெளி மாகாணங்களுக்கு வந்து இதே கேள்வியோடு நிற்கிறவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது சஸ்காச்சுவானின் தென்மேற்கு, ஸ்விஃப்ட் கரண்டுக்குத் தெற்கே. செவிலியர் வேலை. ஐந்து பருவமாக வேட்டைக்குப் போகிறேன். வருடத்துக்கு ஒரு மான், குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தக் கறிதான். கற்றுக்கொடுத்தவர் எங்கள் பக்கத்துப் பண்ணைப் பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர்.

சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். சின்ன வயதில் அப்பா சைக்கிளில் கோடியக்கரைக்குக் கூட்டிப்போய் வெளிமான் காட்டுவார். வெளியில் மேய்வதால் வெளிமான். மறைய ஒரு செடி இல்லாத உப்புத்தரையில் அது எங்களை அரை மைலிலேயே பார்த்துவிடும். நாங்கள் அதைப் பார்க்கும்போது அது ஏற்கெனவே தலை தூக்கி நின்றுகொண்டிருக்கும். அங்கே வேட்டையை 1972 சட்டம் நிறுத்திவிட்டது, அது சரிதான். இங்கே உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் வைத்து மாகாண அரசே நடத்துகிறது. ஆனால் வெட்டவெளியில் மேய்கிற மான் எதை நம்பி உயிர் வாழ்கிறது என்பதை நான் கோடியக்கரையிலேயே பார்த்துவிட்டேன். அந்த ஞாபகம் இருந்தும் முதல் வருடம் தப்பான பொருளை வாங்கி, தப்பான இடத்தில் வைத்தேன்.

நம் பக்கத்து வேட்டைக் கதைகளில் மரத்தில் பரண் கட்டி உட்காருவார்கள். கனடாவின் கிழக்குப் பக்கத்திலும் அப்படித்தான், மரத்தில் ஏணி சாத்தி ஏறிவிடுவார்கள். எங்கள் பக்கம் ஆற்றங்கரையை விட்டு வந்தால், பண்ணைகளைச் சுற்றி யாரோ நட்டுவைத்த காற்றுத்தடுப்பு வேலிமரங்கள் மட்டும்தான். மற்றபடி கோதுமைத் தாள், குதிரைமசால் வயல், மேய்ச்சல் புல், நடுநடுவே கூலீ என்று இங்கே சொல்கிற வறண்ட ஓடைப் பள்ளங்கள். அதனால் தரையில்தான் உட்கார வேண்டும், மானின் கண் மட்டத்தில்.

முதலில் வாங்கியது எல்லோரும் வாங்குகிற ஹப் கூடாரம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இந்த விலையில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு குமிழ் இருக்கும். அதன் வாரைப் பிடித்து வெளியே இழுத்தால் கண்ணாடியிழைக் கம்பிகள் வளைந்து சுவர் டப்பென்று விறைத்துக்கொள்ளும். இரண்டு நிமிட வேலை. 180 டாலர் கொடுத்தேன். ஐந்தடிக்கு ஐந்தடி தரை, உள்ளே குனிந்து நிற்கிற உயரம், எட்டு கிலோ எடை. துணியில் ஓக் இலை அச்சடித்திருந்தது. எங்கள் பக்கம் ஓக் மரமே கிடையாது.

செப்டம்பரில் அம்புப் பருவம். சனிக்கிழமை விடியுமுன், குதிரைமசால் வயலைப் பார்த்த மாதிரி ஒரு மேட்டில் கூடாரத்தை விரித்தேன். மேடு என்றால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு. வெளிச்சம் வந்ததும் ஒரு பெட்டை மான் இரண்டு குட்டிகளோடு பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. முந்நூறு கெஜத்தில் நின்றது. முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஒரு தட்டு. தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, சட்டென்று உயர்த்திப் பார்த்தது. மறுபடி ஒரு தட்டு. அப்புறம் மூக்கால் ஒரு சீறல், வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மூன்றும் போய்விட்டன. ஞாயிறும் அப்படியே. அடுத்த வாரம் வடமேற்குக் காற்று அடித்தபோது ஒரு சுவர் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தத்தோடு உள்பக்கம் மடங்கி என் தோளில் அடித்தது. ஒரு கம்பி முறிந்தது.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்: "உன் வீட்டு வாசலில் நேற்று இல்லாத ஒரு லாரி இன்று நின்றால் நீ பார்க்காமல் போவாயா?"

அதிலிருந்துதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. கடையில் நம்மைக் குழப்புவது துணியின் அச்சு. மான் அதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. 1990களில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வெள்ளைவால் மானின் விழித்திரையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நமக்கு நிறம் உணர்கிற கூம்பணுக்கள் மூன்று வகை இருந்தால் அதற்கு இரண்டுதான். நீலம் நன்றாகத் தெரியும். சிவப்பும் ஆரஞ்சும் அதற்குத் தனி நிறமே இல்லை. புற ஊதா ஒளியையும் நம்மைவிட அதிகம் பார்க்கிறது. அதனால் உள்ளே உட்காரும்போது நீல ஜீன்ஸ் கூடாது. துணியை வெள்ளை வெளேரென்று காட்டுகிற சலவைத் தூளும் கூடாது, நம் ஊர்ச் சொட்டுநீலமும் கூடாது. மற்றபடி மானுக்கு முக்கியம் மூன்று: வானத்தை வெட்டுகிற உருவம், அசைவு, வாசனை. என் கூடாரம் மேட்டின் மேல் வானத்தை வெட்டிக்கொண்டு நின்றது, காற்றில் படபடத்தது, நேற்று அங்கே இல்லை. அது கெட்ட கூடாரம் இல்லை, நான் வைத்த இடமும் நேரமும்தான் கெட்டவை.

முறிந்த கம்பியை மாற்றி அடுத்த வருடம் அதே கூடாரத்தை ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே வைத்தேன். இந்த முறை மேட்டில் இல்லை, சரிவின் பாதியில். விவசாயிகள் வயலிலிருந்து பொறுக்கிக் குவித்த கற்குவியல் ஒன்று அங்கே பல வருடமாகக் கிடக்கிறது, பக்கத்தில் ஒரு பழைய விதைப்புக் கருவி துருப்பிடித்து நிற்கிறது. அவை இரண்டுக்கும் நடுவில். துணியில் தைத்த வளையங்களில் கோச்சியா களையும் காய்ந்த இனிப்பு க்ளோவர் தண்டும் செருகினேன். பின்னால் கல், பக்கத்தில் இரும்பு, முன்னால் களை. இருநூறு கெஜம் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தபோது எனக்கே ஒரு நொடி தேட வேண்டியிருந்தது.

காற்றுக்கு ஒரு வார்த்தை. கூடாரத்தோடு வருகிற ஆணிகள் வெறும் கம்பி, அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கட்டுமானக் கடையில் பத்து மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை இரண்டடித் துண்டுகளாக வெட்டித் தருவார்கள். நான்கு மூலைக்கு நான்கு, நான்கு குமிழ்களிலிருந்து வெளியே இழுத்துக் கட்ட நான்கு. குமிழ்களை இழுத்துக் கட்டாவிட்டால் சுவர் மடங்கத்தான் செய்யும். தரை உறைவதற்குள் அடித்துவிட வேண்டும், நவம்பரில் கம்பி இறங்காது. கீழே தொங்குகிற ஓரத்துணியின் மேல் மண் போட்டு மூடினால் படபடப்பு நிற்கும், நம் வாசனையும் அடியில் கசியாது.

மேய்ச்சல் நிலம் என்றால் மாடு. எனக்கு இது யாரும் சொல்லவில்லை. நிழலில்லாத வெளியில் புதிதாக ஒன்று நின்றால் மாடுகள் உடம்பு தேய்க்க வந்துவிடும். ஒரு வாரம் கழித்துப் போனால் கூடாரம் சாணியில் பாய் மாதிரி கிடந்தது. பெரியவர் அதைச் சுற்றி ஒற்றை இழை மின்வேலி போட்டுக் கொடுத்தார், அதன் பிறகு தொந்தரவு இல்லை.

இரண்டு பருவம் அது உழைத்தது. வெயிலில் கூரை வெளுத்துக் கிழிய ஆரம்பித்ததும் கொஞ்சம் பணம் சேர்த்து பிரைமோஸ் நிறுவனத்தின் டபுள் புல் வரிசையில், உள்ளிருந்து சுவர் வழியாகவே பார்க்கிற வகையை வாங்கினேன். துணியே ஒருவழி வலை. வெளியே நிற்கிறவருக்குச் சாதாரணச் சுவர், உள்ளே இருப்பவருக்கு மெல்லிய திரை போட்ட சன்னல். வெட்டவெளியில் இதற்குக் கொடுக்கிற கூடுதல் காசு வீண் இல்லை என்பது என் முடிவு. காட்டில் மான் ஒரு தடத்தில் வரும், அந்தப் பக்கம் ஒரு சன்னல் இருந்தால் போதும். புல்வெளியில் அது எங்கிருந்தும் வரும். பழைய கூடாரத்தில் நான் ஒவ்வொரு சன்னலுக்கும் தலையை நீட்டி நீட்டிப் பார்ப்பேன், அந்த அசைவே காட்டிக்கொடுக்கும். இதில் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் திருப்புகிறேன்.

உள்ளே கருப்புச் சட்டை போடுங்கள், முகத்துக்கும் கருப்பு. எதிரெதிர் சன்னல்கள் இரண்டையும் திறந்து வைத்தால் நம் நிழலுருவம் அப்படியே தெரியும். எய்கிற பக்கம் மட்டும் ஒரு கை அகலம் போதும். சன்னலில் வலை இருந்து அதன் வழியே எய்வதானால், முனை நிலையான பிளேடு அம்பாக இருக்க வேண்டும். விரிகிற முனை வலையில் பட்டதும் அங்கேயே விரிந்துவிடும், அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நமக்காகச் செத்து விழப்போகிற மிருகம் அது. காயத்தோடு ஓடவிடக் கூடாது. நான் இருபத்தைந்து கெஜத்துக்கு மேல் எய்வதில்லை.

வைக்கோல் கட்டு மறைப்பு பற்றித்தான் எனக்கு ஆசையோடு சொல்ல இருக்கிறது. எங்கள் பக்கம் அறுவடை முடிந்ததும் வயல் முழுக்க ஐந்தடி உயர உருண்டைக் கட்டுகள் கிடக்கும். மான்கள் அவற்றுக்கு நடுவே மேயும், சில சமயம் காற்றுக்கு ஒதுங்கி ஒட்டியே படுத்துக்கொள்ளும். அந்தக் கட்டின் வடிவத்தில் இரும்புச் சட்டம், மேலே வைக்கோல் நிறத் துணி என்று கடைகளில் விற்கிறார்கள். பெரியவர் சொந்தமாகச் செய்தார். பதினாறடி நீள மாட்டுவேலித் தட்டியை வில்லாக வளைத்து இரண்டு பக்கமும் மரச்சட்டத்தில் அறைந்தார். மேலே சாக்குத்துணி, அதன் மேல் கோதுமைத் தாளைப் பிரிபிரியாக முறுக்கிக் கட்டினார். உள்ளே நுழைந்தால் நம் ஊர்க் களத்துமேட்டு வாசனை. நான் முதல் நாள் எய்யாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். ஒரு இளம் ஆண் மான் வந்து எங்கள் சுவரிலிருந்தே ஒரு கதிரை உருவித் தின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அதன் தாடை அசைவதைப் பார்த்தேன். மூக்கின் மேல் ஈரம், இமையில் ஒரு உமி ஒட்டியிருந்தது.

அடுத்த வாரம் வில்லோடு போனேன். பதினெட்டு கெஜத்தில் நல்ல மான். வில்லின் குறிக்காட்டியில் அது தெளிவாகத் தெரிகிறது, விட்டேன். அம்பு சன்னலின் கீழ்ச்சட்டத்தில் 'டங்'கென்று அடித்து முறிந்தது. குறிக்காட்டி மேலே இருக்கிறது, அம்பு அதற்கு மூன்று நான்கு அங்குலம் கீழே இருந்து கிளம்புகிறது. கண்ணுக்கு வழி இருந்தால் அம்புக்கும் வழி இருக்கும் என்று நினைத்துவிட்டேன். மான் தப்பித்தது, எனக்கும் காயமில்லை. அன்றிலிருந்து எந்த மறைப்பு வாங்கினாலும் முதலில் முற்றத்தில் விரித்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாச் சன்னல் வழியாகவும் பயிற்சி அம்பு எய்து பார்க்கிறேன். தம்பி, நீயும் கட்டாயம் செய்.

வைக்கோல் கட்டு மறைப்புக்கு ஒரு பெரிய குறை உண்டு. அக்டோபரில் விவசாயி மற்றக் கட்டுகளை எல்லாம் வண்டியில் ஏற்றிப் போய்விட்டால் நம்முடையது மட்டும் தனியாக நிற்கும். நாலைந்து கட்டை விட்டுவைக்கும்படி முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பது என்றதும் இன்னொன்று. சஸ்காச்சுவானில் 2022 ஜனவரி 1 முதல், அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம். பலகை இல்லை, வேலி இல்லை என்று நுழைய முடியாது. வசந்தகாலத்திலேயே போய்ப் பேசுங்கள், கல் பொறுக்கும் நாளில் ஒரு கை கொடுங்கள். எனக்கு அந்தக் கற்குவியல் இடம் கிடைத்தது அப்படித்தான்.

கண்ணாடித் தட்டி மறைப்பும் ஒரு பருவம் இரவல் வாங்கிப் பார்த்தேன். நாலைந்து கண்ணாடிப் பலகைகளை மடக்குத்திரை மாதிரி முன்சாய்வாக நிறுத்தினால், முன்னாலுள்ள புல்லையே அவை திருப்பிக் காட்டும். நல்ல யோசனை, எடையும் குறைவு. ஆனால் எங்கள் காற்றுக்கும் காலைப் பனிப்பூச்சுக்கும் அது ஒத்துவரவில்லை. பின்பக்கம் முழுக்கத் திறப்பு வேறு.

கில்லி உடை, அதாவது நார்நாராகத் தொங்குகிற முழு உடுப்பு, ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் பிறந்தது. அங்கேயும் மரமில்லைதான். ஆனால் அங்கே ஈரமான ஹெதர் புதர். இங்கே ஈட்டிப்புல் இருக்கிறது, அதன் ஊசி நார்க்குள் புகுந்து தோலைக் குத்தும். சப்பாத்திக்கள்ளியும் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கிறது. ஒருமுறை ஊர்ந்துவிட்டு வந்து இரவு முழுக்க இடுக்கியோடு முள் எடுத்தேன். வேண்டாம்.

நவம்பர் ரைபிள் பருவத்துக்குக் கணக்கே வேறு. அப்போது ஆரஞ்சு மாதிரி பளிச்சென்ற உடை போட வேண்டும் என்பது சஸ்காச்சுவானில் சட்டம். மானுக்கு அது தனியாகத் தெரியாது, மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். தூரமும் நூறு, நூற்றைம்பது கெஜம். அதற்குக் கூடாரமே வேண்டாம் என்பேன். 45 டாலருக்கு மூன்றடி உயரத் துணித்திரை ஒன்று கிடைக்கிறது, நான்கு கம்பி, சுருட்டினால் தோளில் மாட்டலாம். கூலீயின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, முதுகுக்கு மண்சரிவு இருக்கும்படி உட்கார்ந்து முன்னால் அதை நட்டுவிட்டால் போதும். சுட, இரண்டு கால் தாங்கி. என் கடைசி இரண்டு மியூல் மான்களும் (பெரிய காதுள்ள இன்னொரு வகை மான்) இப்படிக் கிடைத்தவை. கூடாரத்துக்குள்தான் உட்காருவேன் என்றால் அதன் வெளியிலும் ஒரு ஆரஞ்சுத் துணி கட்டுங்கள், உள்ளே ஆள் இருப்பது தூரத்திலுள்ளவருக்குத் தெரிய வேண்டும்.

காற்றின் திசைக்குக் கடையில் பொடிக்குப்பி விற்கிறார்கள். எனக்குத் தேவைப்படவில்லை. இங்கே ஓடைக்கரையில் மில்க்வீட் வளர்கிறது, நம் எருக்கின் உறவுச் செடி. காய் வெடித்தால் அதே பட்டுப்பஞ்சு. சட்டைப்பையில் ஒரு காய் வைத்திருப்பேன். ஒரு இழையைக் கிள்ளி விட்டால் நாற்பது ஐம்பது கெஜத்துக்கு அது போகிற பாதை தெரியும். அதில்தான் கண்டுகொண்டேன்: விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்துக்குள் வழிகிறது. வெயில் ஏறியதும் அதே இடத்தில் பஞ்சு மேலே ஏறுகிறது. காலையில் சரியாக இருந்த இருக்கை பத்து மணிக்குத் தப்பாகிவிடும். மான் தடத்தின் மேல் நம் வாசனை விழுந்தால் எந்த மறைப்பும் காப்பாற்றாது. வேட்டை உடுப்பை நான் வீட்டுக்குள் வைப்பதே இல்லை. பெருங்காயத் தாளிப்பு வாசனை ஒரு நாளில் ஏறிவிடும். வெளித் திண்ணையில் ஒரு மூடிபோட்ட டப்பாவில், கொஞ்சம் காய்ந்த புல்லோடு கிடக்கும்.

நாற்காலி. கூடாரத்துக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்துவிட்டு நாற்காலிக்கு இருபது டாலர் கொடுக்கிறோம், நானும் அதைத்தான் செய்தேன். நான்கு மணிநேரம் அசையாமல் இருக்க வேண்டும், இடுப்பு வலித்தால் அசையத்தான் செய்வோம். கால் ஒவ்வொன்றையும் தனித்தனியே நீட்டிக் குறுக்கலாம் என்கிற சுழல் நாற்காலியாகப் பாருங்கள், சரிவிலும் சமமாக உட்காரும். அடியில் அகலமான வட்டத் தட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணில் இறங்கும். கடையிலேயே உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். கீச் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். குளிரில் அது இன்னும் கத்தும். எனக்கு 110 டாலர் ஆனது. திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கூடாரத்தைக் கொடுப்பேன், நாற்காலியைக் கொடுக்க மாட்டேன்.

ஆக தம்பி, நீ செப்டம்பரில் வில்லோடு ஆரம்பிக்கிறாய் என்றால் ஒருவழி வலைக் கூடாரம் ஒன்று, நல்ல நாற்காலி ஒன்று, எட்டு முறுக்குக் கம்பி. காசு போதவில்லை என்றால் சாதாரண ஹப் கூடாரமே வாங்கு. ஆனால் பழுப்பு நிறமாகப் பார், இலை அச்சு வேண்டாம். ரைபிள் என்றால் அந்த 45 டாலர் திரையோடு நிறுத்திக்கொள். முதல் மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வந்த பிறகு கறியைச் சமை. நம் இரண்டு மாகாணத்திலும் மான்களிடம் சிடபிள்யூடி, அதாவது மூளையைச் சிதைத்து மானை மெல்லக் கொல்கிற நோய், இருக்கிறது.

இந்த ஞாயிறு விடுமுறை என்றாயே, கடைக்குப் போகாதே. யாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறாயோ அவர் நிலத்துக்குப் போய், மாலை நாலு மணியிலிருந்து இருட்டும்வரை சாலையோரம் வண்டியிலேயே உட்கார்ந்து பார். மான் எந்த மடிப்பிலிருந்து தலை தூக்குகிறது, எந்தக் கல்லைச் சுற்றிப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து எனக்கு அனுப்பு. கூடாரத்தை எங்கே நடுவது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.